கோட்டை வாசல், திருகோணமலை

திருகோணமலை நகருக்குக் கிழக்கே கடலுக்குள் நீண்டிருக்கும் சுவாமி மலையின் தரைப்பக்கத்தை மறித்து எழுப்பப்பட்ட மதிலில் அமைந்த வாயில். பிரெடரிக் கோட்டைக்கும், அதனுள் மலையுச்சியில் உள்ள திருக்கோணேச்சரத்துக்கும் தரைவழியாகச் செல்வோர் இதனூடாகவே செல்கின்றனர். மதிலின் பருமனைக் குடைந்து செல்லும் வளைவுக்கூரை நடையும், முகப்பில் பொறித்த பிரித்தானிய அரச இலச்சினையும் இதன் அடையாளங்கள்.

தோற்றம்: போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா, மலையிலிருந்த கோயிலை இடித்து முக்கோண வடிவக் கோட்டை ஒன்றைக் கட்டினார். கோயில் இடிக்கப்பட்டது 1622இல் என்பது பெருவழக்கு. 1624 என்பாரும் உளர். இடித்த கற்களே மதிலுக்குப் பயன்பட்டன என்பர். வாயிலில் இன்றும் காணப்படும் இரு கற்பொறிப்புகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன.

கற்பொறிப்புகள்: முதலாவது, பாண்டியரின் இணைக்கயல். 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் ஈழத்தின் மீது படையெடுத்து, கோணமலையில் தன் கயற்சின்னத்தைப் பொறித்ததாகக் குடுமியான்மலைச் சாசனம் கூறும். வாயிற்கல்லில் உள்ள கயல்கள் அவையே என்பது பலர் துணிபு. உறுதிப்படுத்தும் வாசகம் அக்கல்லில் இல்லை. அத்துணிபு சரியாயின், மன்னனின் வெற்றிக்குறியாக வெட்டப்பட்ட மீன்கள் அந்நியர் கோட்டைக்கு நிலைக்கல்லாயின.

இரண்டாவது, சிதைந்த தமிழ்ச் செய்யுட் பொறிப்பு. எழுத்தமைதி கொண்டு 16ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதுவர். குளக்கோட்டன் என்னும் மன்னன் இக்கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கியர் பின்னாளில் அழிப்பர் என்றும், கண்ணின் தன்மையால் சுட்டப்படும் வேறு சிலர் அடுத்தடுத்து ஆள்வர் என்றும் பொருள்படும் முழுப்பாடல் வாய்மொழியில் வழங்குகிறது. கல்லில் எஞ்சியிருப்பது சில சொற்களும் சொற்பகுதிகளுமே. மற்றவை வாய்மொழிப் பாடத்தைக் கொண்டு நிரப்பப்பட்டவை. எக்கண்ணர் எந்நாட்டார் என்பதில் உரைகாரர் ஒத்துப்போவதில்லை. அழிவுக்கு முன் எழுந்த தீர்க்கதரிசனம் என்று மரபு சொல்லும். நிகழ்ந்தபின் எழுதப்பட்டதாகவும் இருக்கலாம் என்று ஐயுறுவோர் உண்டு. டி சா இதன் படியொன்றை லிஸ்பனுக்கு அனுப்பியதாகவும் சொல்லப்படுகிறது.

ஒல்லாந்தர் காலம்: 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்குத் துணையாக வந்த ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். சில காலம் கைவிடப்பட்ட கோட்டை, 1660களில் அவர்களாலேயே மீண்டும் கட்டப்பட்டது.

பிரித்தானியர் காலம்: 1782 ஜனவரியில் பிரித்தானியரும் அவ்வாண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் கோட்டையைப் பிடித்தனர்; பின்னர் ஒல்லாந்தரிடம் திரும்பிய கோட்டை, 1795 ஆகஸ்டில் மீண்டும் பிரித்தானியர் வசமாயிற்று. மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் இரண்டாம் மகனான யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயர் 1803இல் சூட்டப்பட்டது. உள்ளேயுள்ள பழைய மனையொன்றில், பிற்காலத்தில் வெலிங்டன் கோமகனான ஆர்தர் வெல்லெஸ்லி தங்கினார் என்பர். நோயுற்று இங்கே தங்கியதால் மூழ்கவிருந்த கப்பலில் ஏறாமல் தப்பினார் என்ற கதை பரவலானது. அவர் நோயுற்றது பம்பாயில் என்பதே வரலாற்று நூல்களின் கூற்று.

அண்மைக் காலம்: 1950இல் கிணறு தோண்டும்போது பழைய திருவுருவங்கள் கிடைத்ததையடுத்து, மீளக் கட்டப்பட்ட கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. கோட்டைக்குள் இராணுவ முகாம் உள்ளது. உட்பகுதியில் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரியும். வாழைப்பழம் வைத்திருப்பவரைக் கண்டால் நெருங்கி வரும். வழிபடச் செல்வோரில் கயற்கல்லை நின்று பார்ப்பவர் சிலரே.