பூட்டு இல்லாத வழிக்குப் பூட்டு வந்த கதை

கல்லூரி மூடியிருந்தாலும் துறையின் கணினிக்குள் வீட்டிலிருந்தே நுழைந்துவிடலாம். வி.பி.என். நிரலைத் திறந்து, பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் போதும். இது ஏதோ அண்மையில் வந்த வசதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைவது 1970களிலேயே இருந்தது. இல்லாமல் இருந்தது பூட்டுதான்!

அன்று அதற்குப் பயன்பட்டது டெல்நெட். அதில் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கம்பியில் போகும். பணப்பெட்டியின் ரகசிய எண்ணை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவது போல. தொடக்கத்தில் வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள், அதனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. பிறகு கூட்டம் பெருகியது, பழக்கம் மட்டும் மாறவில்லை.

1995-ல் பின்லாந்தில் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டி வந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றை வைத்துவிட்டார்கள். அது பேசாமல் உட்கார்ந்து, போகிற வருகிற கடவுச்சொற்களை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டது. கண்டுபிடித்தபோது அதில் ஆயிரக்கணக்கான பெயர்களும் கடவுச்சொற்களும் இருந்தன. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனெனின் நிறுவனத்துக் கடவுச்சொற்களும் அதில் சிக்கியிருந்தன. வேறு யாராவது என்றால் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவர் மறையீட்டியல் படிக்க உட்கார்ந்தார். சில மாதங்களில் பிறந்ததுதான் எஸ்.எஸ்.எச்.

இதற்கு 22 என்ற எண் கிடைத்த கதையும் சுவையானது. கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாக இருந்தது. மின்னஞ்சலில் கேட்டார், கொடுத்துவிட்டார்கள்!

1995 ஜூலையில் நிரலை இலவசமாக வெளியிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் பயன்படுத்தினார்கள். சந்தேகம் கேட்டு ஒரு நாளைக்கு 150 மின்னஞ்சல்கள் வரை வந்தனவாம். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு இத்தனை வாடிக்கையாளர்கள் என்றால் வணிகவியல் படித்தவருக்கு மேலே சொல்லவே வேண்டாம். டிசம்பரில் அவரே நிறுவனம் தொடங்கிவிட்டார்.

எஸ்.எஸ்.எச். முதன்மையாக, ஒரு கணினியில் நுழைந்து செய்யும் வேலைக்குத்தான் பூட்டு. வி.பி.என். வந்து போகும் எல்லாவற்றையும் ஒரே குழாய்க்குள் போட்டுப் பூட்டுகிறது. பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் ஓப்பன்வி.பி.என். பிறந்ததும் இதே பயத்தில்தான். ஜேம்ஸ் யோனன் மத்திய ஆசியாவில் பயணம் செய்தபடியே அலுவலக வேலை பார்த்தவர். முன்பின் தெரியாத நிறுவனங்களின் இணைப்பு வழியாகத் தன் வேலை போவதை நினைத்துக் கவலைப்பட்டு, 2001-ல் அதை எழுதி வெளியிட்டார்.

2020-ல் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டபோது மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல். நூலகம் சந்தா கட்டும் ஆய்விதழ்களில் பல, பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியிலிருந்து வந்தால்தான் திறக்கும். வி.பி.என். வழியாகப் போனால் வீட்டுக் கணினியும் அந்த முகவரியிலிருந்து வருவதாகவே இதழின் தளம் எடுத்துக்கொள்ளும், கட்டுரையும் திறந்துவிடும்.