வழிநூலா, சார்புநூலா? ‘ஃபால்அவுட் 3’ குறித்த ரசிகர் வழக்கு

நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகையாகப் பகுக்கிறது. முதல்நூலின் முடிபுகளோடு ஒத்து, பின்னோன் விரும்பும் வேறுபாடுகளையும் கூறி, மரபு அழியாது நிற்பது வழிநூல். சிறுபகுதியில் ஒத்து ஏனையவற்றில் வேறுபடுவது சார்புநூல். இலக்கண உலகிற்குரிய இப்பாகுபாடு, அமெரிக்கக் கணினி விளையாட்டு வரலாற்றின் நீண்டதொரு வழக்கை விளங்கிக்கொள்ளவும் துணைசெய்கிறது. பெதெஸ்தா நிறுவனம் 2008இல் வெளியிட்ட ‘ஃபால்அவுட் 3’ தன் முன்னோடிகளின் மரபைக் காத்ததா என்பதே அவ்வழக்கு.

முதல் ‘ஃபால்அவுட்’ 1997இல் இன்டர்பிளே நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அணுப்போரில் அழிந்த கலிபோர்னியாவே அதன் களம். மேசையைச் சுற்றி அமர்ந்து தாளும் பகடையும் கொண்டு ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டைக் கணினியில் நிகழ்த்திக்காட்ட டிம் கெய்னும் அவர் குழுவினரும் முனைந்தனர். ‘கர்ப்ஸ்’ எனும் மேசை விளையாட்டின் விதிகளையே பயன்படுத்தத் தொடக்கத்தில் திட்டமிட்டனர். அவ்வொப்பந்தம் முறிந்தபின் ‘ஸ்பெஷல்’ எனும் விதிமுறையைத் தாமே வகுத்தனர். மேலிருந்து சாய்வாக நோக்கும் காட்சியும், ஒருவர்பின் ஒருவராக முறைவைத்து நிகழும் போரும் இந்நோக்கத்தின் விளைவுகளே. இவற்றைத் தொழில்நுட்பப் பற்றாக்குறை தந்த வடிவம் எனக் கொள்வது பிழை. பாத்திரத்தின் கண்வழியே உலகைக் காட்டும் ‘டூம்’ 1993இலேயே வெளிவந்துவிட்டது.

இரண்டாம் பகுதி 1998இல் வந்தது. மூன்றாம் பகுதியாகப் பிளாக் ஐல் பிரிவினர் உருவாக்கிவந்த ‘வான் பியூரன்’, 2003 டிசம்பரில் இன்டர்பிளே அப்பிரிவை மூடியபோது கைவிடப்பட்டது. 2004இல் உரிமம் பெற்ற பெதெஸ்தா, 2007இல் 57.5 லட்சம் டாலருக்குத் தொடரின் உடைமையையே வாங்கிக்கொண்டது. பழைய ரசிகர்களின் கசப்பை இப்பின்னணியோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். அவர்கள் எதிர்பார்த்திருந்த தொடர்ச்சி ஒன்று. கைக்கு வந்தது வேறொருவர் ஆக்கிய மற்றொன்று.

புதிய ஆக்கம் வாஷிங்டன் நகரில், 2277ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சாய்வுக் காட்சி நீங்கிக் கண்வழிக் காட்சி வந்தது. போர் உடனிகழ்வாயிற்று; காலத்தை நிறுத்தி இலக்கைத் தேர்ந்தெடுக்கும் ‘வாட்ஸ்’ எனும் ஏற்பாடு மட்டும் பழைய முறையை நினைவூட்டியது. ‘துப்பாக்கி ஏந்திய ஆப்லிவியன்’ என்று எதிர்ப்பாளர் எள்ளினர். ‘ஆப்லிவியன்’ அதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டு. நிலவறைகள், எஃகுச் சகோதரத்துவம், 1950களின் கற்பனையில் உறைந்த எதிர்காலம் ஆகியவை தொடர்வதை ஆதரவாளர் சுட்டினர். ‘ஃபால்அவுட் 2’ வெளிவந்தபோதும், அதன் திரைப்பட நையாண்டிகள் முதல் பகுதியின் இறுக்கத்தைக் கெடுத்ததாகச் சிலர் குறைகூறியதை இங்கு நினைவுகொள்ளலாம். முன்னோடிகளே தம்முள் முழுதும் ஒத்தவை அல்ல.

காட்சிக்கோணம் பற்றிய வாதமே உரத்து ஒலித்தது. வழக்கின் உட்பொருளோ வேறிடத்தில் இருந்தது. முதல் ‘ஃபால்அவுட்’டில் மனிதகுலத்தைப் பேருருவ மாற்றுயிரிகளாக்க முயலும் ‘மாஸ்டர்’ என்பவனைப் போரின்றி வெல்ல வழியுண்டு. அவ்வுயிரிகள் இனம்பெருக்க இயலாதவை என்ற உண்மையை ஆதாரத்துடன் உணர்த்தினால், தன் திட்டம் பொருளற்றது என்றறிந்து அவன் தன்னையே அழித்துக்கொள்கிறான். வாதத்திற்கான சான்றை ஆடுபவர் அலைந்து தேடியிருக்க வேண்டும். ‘ஃபால்அவுட் 3’இல் ஜான் ஹென்றி ஈடன் எனும் கணினித் தலைவரையும் தன்னழிவிற்கு இணங்கவைக்கலாம், பேச்சுத் திறன் துணைநின்றால் அது சில வரிகளிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டும் ஒரே காட்சிபோல் தோன்றினும், சொல்லுக்கு அவை தரும் எடை ஒன்றன்று.

முடிவுக் காட்சி இதனினும் கூர்மையான சான்று. நீர்த்தூய்மிப்பை இயக்க ஒருவர் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் சென்று உயிர்விட வேண்டும். கதிர்வீச்சு தாக்காத ஃபாக்ஸ் எனும் துணைப்பாத்திரம், முன்பு அத்தகைய அறையொன்றினுள் புகுந்து உதவியவன், இப்போது அது ஆடுபவரின் விதி என்று கூறி மறுக்கிறான். கதையின் உருக்கத்திற்காக உலகின் விதி ஒதுக்கப்படும் இடம் இது. 2009இல் வந்த ‘புரோக்கன் ஸ்டீல்’ எனும் இணைப்பு இம்முடிவை மாற்றியது. ரசிகரின் குறை வெறும் பழமைப் பற்றன்று என்பதற்கு இதுவே போதிய சான்றாகும். எனினும் மெகாடன் எனும் ஊரை அணுகுண்டால் அழிப்பதா, காப்பதா என்ற தெரிவில் விளைவின் கடுமையை அதே விளையாட்டு நேர்மையாகவே காட்டியது என்பதையும் மறுத்தற்கில்லை.

2010இல் ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ வந்தது. அதை ஆக்கிய ஆப்சிடியன் நிறுவனத்தில் பிளாக் ஐலின் முன்னாள் படைப்பாளர் பலர் இருந்தனர். கண்வழிக் காட்சி, உடனிகழ்வுப் போர், இயக்கமென்பொருள் ஆகிய யாவும் பெதெஸ்தாவினுடையவை. ஆயினும் பழைய ரசிகரில் பலர் அதனையே வழிநூலாக ஏற்றனர். ‘வான் பியூரனு’க்கென வகுக்கப்பட்ட சீசரின் படையும் ஹூவர் அணையும் அதில் இடம்பெற்றன. பேச்சுத் தேர்வுகள் நிகழ்தகவை விட்டு, இத்துணைத் திறன் இருந்தாலன்றி இணங்கவைக்க இயலாது என்ற நிலையான அளவுக்கு மாறின. காட்சிக்கோணமே மரபின் உயிர் எனில் இவ்வேற்பு நிகழ்ந்திருக்க வழியில்லை.

முறைவைத்த போரின்றி எதனையும் ஏற்க மறுத்தோர் அப்போதும் எஞ்சினர். இன்டர்பிளேயை நிறுவிய பிரையன் ஃபார்கோ, 2012இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2014இல் ‘வேஸ்ட்லேண்ட் 2’ஐ வெளியிட்டார். மேலிருந்து நோக்கும் காட்சியும் முறைவைத்த போரும் கொண்ட அவ்விளையாட்டு, ‘ஃபால்அவுட்’டுக்கே தூண்டுதலாய் இருந்த 1988ஆம் ஆண்டின் ‘வேஸ்ட்லேண்ட்’டின் தொடர்ச்சியாகும்.