அன்னபூரணியும் பேரில்லாத போட்டும்

போன வருசக் கடைசியில் நாங்கள் ஐந்து பேர் காசு சேர்த்து ஒரு பழைய பைபர் போட் வாங்கினோம். அளம்பிலில் ஒரு வளவுக்குள், தென்னைக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. பதினெட்டு அடி. மேலே சருகும் கோழி எச்சமும். பிரட்டிப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு தவளைக் குடும்பம்.

ஏன் வாங்கினோம் எண்டு கேட்டால் நேரான பதில் இல்லை. வெளிநாடுகளில் பழைய கபின் போட்டுகளை, அதாவது கட்டில், குசினி, கண்ணாடி யன்னல் எல்லாம் வைத்த சொகுசுப் படகுகளை, அடிமாட்டு விலைக்கு வாங்கி, மாசக்கணக்காகத் திருத்தித் தண்ணியில் இறக்குகிற வீடியோக்களில் எங்களில் இரண்டு பேருக்குப் பைத்தியம். முல்லைத்தீவுக் கரையில் கபின் போட்டுக்கு எங்கே போவது? கிடைத்தது இதுதான்.

விற்ற ஐயா காசை எண்ணிப் பார்த்துவிட்டு, "பிள்ளையள், விறகுக்கும் உதவாத சாமானை வாங்கிறியள், பிறகு வந்து என்னைப் பேசக்கூடாது" எண்டார். அவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமே எண்டு எங்களில் ஒருத்தன் அன்னபூரணியின் கதையை எடுத்து விட்டான். வல்வெட்டித்துறையில் கட்டின பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கன் வாங்கி, எங்கட ஆக்களே அதை அமெரிக்கா வரைக்கும் ஓட்டிக்கொண்டு போன கதை. ஐயா முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப வல்வெட்டித்துறையில கனக்கக் கப்பல் நிண்டது. மற்றதுகளின்ர பேரையும் சொல்லுங்கோ பாப்பம்" எண்டார்.

எங்களில் ஒருத்தருக்கும் ஒரு பேரும் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் வருகிறது.

முதலில் அன்னபூரணி. பள்ளிக்கூடத்தில் இதைப் படிப்பிக்கிறதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. நீளம் ஏறக்குறைய 90 அடி, பெரும்பாலும் வேப்பமரம். அந்தக் கரையில் கப்பல் கட்டுகிற மேத்திரிமார் காகிதத்தில் படம் கீறி வேலை செய்கிறவர்கள் அல்ல. கண்ணும் கையும் கணக்கும்தான். பலகைக்கும் பலகைக்கும் இடையில் நார் அடைத்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசுவார்கள். இதற்குக் கலப்பத்து எண்டு பேர். வருசா வருசம் கரையில் ஏற்றி இதைத் திரும்பச் செய்யாவிட்டால் எந்த மரக்கப்பலும் தண்ணி எடுக்கத் தொடங்கும். ஒரு மரக்கப்பலைக் கட்டுவது ஒரு தடவை, திருத்துவது அது இருக்கிற காலம் முழுக்க.

இந்தக் கப்பல்கள் விளையாட்டுக்கு ஓடவில்லை. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. ஓடு மலையாளக் கரையில் இருந்து வந்தது. பர்மாவில் இருந்து அரிசியும் தேக்கும் வந்தன. சோறு போடுகிற தெய்வத்தின் பேரை ஒரு கப்பலுக்கு வைத்ததில் பக்தி மட்டும் இல்லை எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

அதை வாங்கியவர் வில்லியம் அல்பேட் றொபின்சன். கடல் பைத்தியம். 1928இல் 'ஸ்வாப்' என்ற, 32 அடியை ஒட்டிய சின்னப் பாய்ப்படகில் வெளிக்கிட்டு 1931இல் உலகத்தைச் சுற்றி முடித்தவர். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1934இல் அதே படகில் கலாபகஸ் தீவுகளுக்குப் போன இடத்தில் குடல்வால் வெடித்து, பனாமாவில் இருந்து அமெரிக்கக் கடற்படை விமானங்களில் மருத்துவர்கள் பறந்து போய்க் காப்பாற்றினார்கள். ஆள் தப்பினார். படகை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. உலகம் சுற்றின படகை ஒரு தீவுக் கரையில் விட்டு வந்தவனுக்கு மனம் எப்படி இருந்திருக்கும் எண்டு, தவளைப் போட்டுக்குச் சொந்தக்காரரான எங்களுக்கு இப்போது கொஞ்சம் விளங்குகிறது.

அப்படிப்பட்டவருக்குத்தான் அன்னபூரணி பிடித்துப்போனது. இதில் ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். சிலர் எழுதுவதுபோல அது இத்துப்போய்க் கிடந்த கப்பல் அல்ல, கட்டி ஏழு வருசம்கூட ஆகவில்லை. பழசாய் இருந்தது அதன் சாதிதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நீராவிக் கப்பல்கள் வந்து, இந்த மாதிரிப் பாய்க்கப்பல்கள் வேலையை விட்டுப்போய்க் கனகாலம். அவர்கள் மறந்த தொழிலை எங்கட கரையில் ஆக்கள் இன்னும் வயிற்றுப்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். றொபின்சன் வாங்கியது கப்பலோடு சேர்த்து அந்தக் காலத்தையும்தான்.

வாங்கினவர் பேரை மாற்றினார். அவருடைய மனைவி புளோரன்ஸ், குழாயும் வால்வும் செய்து பெரும் பணக்காரரான கிரேன் குடும்பத்துப் பிள்ளை. கப்பல் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆயிற்று. வல்வெட்டித்துறைத் தண்டையலும் நான்கு கப்பற்காரரும் 1937இல் அதைக் கொண்டு வெளிக்கிட்டார்கள். ஏடன், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், ஜிப்றால்டர், பேர்மியூடா. வழியில் மேற்கு நாட்டுக் கப்டன் ஒருவரும் சேர்ந்துகொண்டார். அந்த ஐந்து பேரும் வங்காள விரிகுடாவைக் கையின் ரேகைபோல அறிந்தவர்கள், அத்திலாந்திக்கைக் கண்டதே இல்லை. 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மசாசுசெற்சில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்துக்குள் கப்பல் நுழைந்தது. குளோஸ்டரும் மீன்பிடி ஊர்தான். கடலுக்குப் போனவன் திரும்பி வராத வீடுகள் நிறைந்த ஊர். அங்கே கரையில் நின்று பார்த்த ஆக்களுக்கு, வேட்டியோடு பாயில் ஏறி நிற்கிற மனிசரை எந்தக் கணக்கில் சேர்ப்பது எண்டு தெரிந்திருக்காது. பத்திரிகைகள் பெரிய செய்தியாகப் போட்டன.

றொபின்சன் பிறகு அதே மாநிலத்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் சொந்தமாகக் கப்பல் கட்டும் யாட் வைத்தார். 1942இல் 'வருவா' என்ற பாய்க்கப்பலைக் கட்டி, அதில் தாகிட்டிப் பக்கம் போய்க் குடியேறினார். அது வேறு கதை.

ஐயாவின் கேள்விக்கு வருவோம். மற்றக் கப்பல்கள் என்ன ஆயின? 1942இல் பர்மா யப்பானிடம் விழுந்ததும் அரிசி வருவது நின்றது. 1948க்குப் பிறகு இரண்டு நாடு, இரண்டு சுங்கம், கடவுச்சீட்டு. தாத்தா செய்த வியாபாரத்தைப் பேரன் செய்தால் கள்ளக்கடத்தல் எண்டு பேர் வந்தது. பாய்க்கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. கலப்பத்துக்குக் காசு இல்லாத கப்பலின் முடிவு எல்லாருக்கும் தெரியும். அன்னபூரணியின் பேர் எங்களுக்குத் தெரிவதற்குக் காரணம் அது மற்றதுகளைவிட நல்ல கப்பல் என்பது அல்ல. அதை ஒரு பேர்போன வெள்ளைக்காரர் வாங்கினார், ஒரு வெள்ளைக்காரத் துறைமுகத்தில் அது போய் நின்றது, அங்கே எழுத ஆள் இருந்தது. எங்கட பெருமையையே மற்றவனின் பத்திரிகைக் கத்தரிப்பில் இருந்துதான் எடுத்து வைத்திருக்கிறோம்.

இது வல்வெட்டித்துறையோடு முடிகிற விசயம் எண்டால் நாங்கள் வன்னியில் இருந்து இதை எழுதத் தேவையில்லை.

2006 டிசம்பரில் 'ஃபாறா 3' என்ற ஜோர்தான் நாட்டுக் கப்பல் இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கடலில் நின்றது. உள்ளே 14,000 தொன் அரிசி, இந்தியாவில் இருந்து தென்னாபிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 25 மாலுமிகள். அவர்களை விடுதலைப் புலிகள் கரைக்குக் கொண்டுவந்து செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். ஆபத்தில் காப்பாற்றினோம் எண்டது புலிகள் தரப்பு. கட்டாயப்படுத்தி இறக்கினார்கள், பிறகு கப்பலைக் கழற்றினார்கள் எண்டது கப்பல் தரப்பு. கப்பல் முள்ளிவாய்க்கால் கரையில் தட்டி அப்படியே நின்றுவிட்டது. 2009 மேயில் அந்தக் கரைக்குத் தள்ளப்பட்ட எங்கட குடும்பங்கள் எல்லாம் அதைப் பார்த்திருக்கின்றன. எங்களில் ஒருத்திக்கு அப்போது ஆறு வயசு. அந்த நாட்களில் மற்றதெல்லாம் கலங்கல், கறள் பிடிச்ச அந்தப் பெரிய இரும்புச் சுவர் மட்டும் தெளிவாக நினைவிருக்கு என்கிறாள். சோற்றுக்கு வரிசையில் கஞ்சிக்கு நின்ற சனத்துக்கு முன்னால், ஒரு காலத்தில் அரிசி கொண்டுவந்த கப்பல் வெறும் கூடாக நின்றது.

சண்டை முடிஞ்ச பிறகு தெற்கில் இருந்து பஸ்ஸில் வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். புதுக்குடியிருப்பில் கடற்புலிகளின் படகுகளையும் நீர்மூழ்கிகளையும் வரிசையாக அடுக்கிக் காட்சிக்கு வைத்தார்கள். வென்றவனுக்கு வேண்டிய படகுக்குக் கூரை போட்டார்கள், பலகை எழுதினார்கள். ஃபாறாவைப் பிறகு துண்டு துண்டாக வெட்டி இரும்பு விலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அந்த இடத்தில் போய் நின்றால் கடல் மட்டும்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒரு வகைப் படகு இருக்கு. எங்கட போட்டைப்போலச் சின்னப் பைபர் போட்டுகள். 2009 பெப்ரவரி தொடக்கம் மே வரை, புதுமாத்தளனிலும் பிறகு முள்ளிவாய்க்காலிலும் இருந்து காயப்பட்டவர்களைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் 'கிறீன் ஓசன்' கப்பல் ஏற்றிப்போனது. நோயாளரும் கூடப் போனவர்களுமாக ஏறக்குறைய 14,000 பேர். உலகச் செய்திகளில் கப்பலின் பேர் வந்தது. ஆனால் அந்தக் கரையில் இறங்குதுறை இல்லை. கப்பல் வெளியே தூரத்தில் நிற்கும். ஸ்ரெச்சரில் கிடந்தவரைத் தூக்கி, அலையை வெட்டி, கப்பலின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது மீனவரின் சின்னப் போட்டுகள். திரும்பி வரும்போது கப்பலில் வந்த உணவு மூட்டைகளை ஏற்றி வந்ததும் அதுகள்தான். அத்திலாந்திக்கைக் கடந்ததைவிட அந்தக் கொஞ்சத் தூரம் சின்னது எண்டு எங்களால் சொல்ல முடியவில்லை. அதில் ஒரு போட்டின் இலக்கம்கூட எங்கேயும் எழுதப்பட்டதாக நாங்கள் பார்க்கவில்லை.

அந்தப் போட்டுகளில் கனக்க, 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவை. அவசரத்தில் வார்த்ததால் மெல்லிய அடி, சில நாலைந்து வருசத்துக்கும் தாங்காது எண்டு அப்போதே முறைப்பாடு இருந்தது. அந்த மெல்லிய அடிதான் ஆட்களைத் தாங்கியது. மே மாதத்துக்குப் பிறகு சனம் முகாமுக்குப் போய்விட்டது, போட்டுகள் மணலில் கிடந்தன. மீளக் குடியேறி வந்த ஆக்களில் சிலருக்குத்தான் தங்கட போட் கிடைத்தது. மற்றவை யார் யாரோ கைக்கு மாறின.

எங்கட போட்டும் அப்படிக் கைமாறின ஒன்றுதான். ஐயாவுக்கும் அது மூன்றாம் கையாகத்தான் வந்ததாம். இஞ்சின் கொழுவுகிற பின்பலகைக்குள் இருந்த பிளைவூட் ஊறி, விரலால் அழுத்தினால் சேறுமாதிரி வந்தது. அதை முழுக்க வெட்டி எடுத்துப் புதுப்பலகை வைத்தோம். அடியில் இரண்டு வெடிப்பு, அணியத்துக்குக் கிட்ட ஒரு ஓட்டை. கிரைண்டர் பிடித்தால் பைபர் தூள் தோலுக்குள் ஏறி இரண்டு நாளைக்குக் கடிக்கும். முதல்நாள் அரைக்கைச் சேட்டோடு நின்ற அறிவாளிகள் நாங்கள். மத்தியான வெயிலில் றெசின் கலந்தால் பூசுறதுக்கு முதல் வாளிக்குள்ளேயே கல்லாகிவிடும் என்பதையும் காசு குடுத்துத்தான் படித்தோம். வாங்கின விலையைவிட மூன்று மடங்கு திருத்தப் போய்விட்டது.

பெயின்றைச் சுரண்டினபோது மேலே நீலம், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே பச்சை. பச்சையில் இரண்டு இலக்கமும் ஒரு எழுத்தின் பாதியும் தெரிந்தன. அது பழைய பதிவு இலக்கமா, குடுத்த நிறுவனத்தின் அடையாளமா, விளங்கவில்லை. முழு இலக்கம் இருந்தால் முதல் சொந்தக்காரரைத் தேடிப் பார்க்கலாம். அவர் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. பதிவு இல்லாமல் போட்டைக் கடலில் இறக்க ஏலாது, பதிவுக்குப் போனால் முதல் கேட்பது "இது எங்கால வந்தது?" ஐயா கையெழுத்துப் போட்டுக் கடிதம் தந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் போட் ஓட்டினவர்களில் சிலர் இப்பவும் இந்தக் கரையிலேயே தொழில் செய்கிறார்கள். மூன்று பேரோடு கதைத்திருக்கிறோம். பேர் போட வேண்டாம் எண்டுதான் மூன்று பேரும் முதலில் சொன்னார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ர பேரைப் போடாதேங்கோ, போட்டின்ர பேரைப் போடுங்கோ" எண்டார். அதை எழுதி வைத்திருக்கிறோம். மற்றப் பேர்களும் சேர்ந்ததும் இங்கேயே போடுவோம். உங்கட வீட்டில் யாராவது அப்போது போட் வைத்திருந்தால் கேட்டுப் பாருங்கோ.

எங்கட போட்டுக்கு இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை. அந்தப் பச்சைத் துண்டை மட்டும் சுரண்டாமல் விட்டிருக்கிறோம்.