பொப்பி மலரும் மலைநாட்டுத் தோட்டங்களும்

இலங்கையில் படையினரை நினைவுகூரும் நாளாக முதலில் வேரூன்றியது நவம்பர் 11. 1918இல் அன்று முற்பகல் 11 மணிக்கு முதலாம் உலகப் போரின் மேற்கு முனையில் சண்டை ஓய்ந்தது. மறு ஆண்டு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வேண்டுகோளின்படி பேரரசெங்கும் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது. 1921 முதல் பிரித்தானியாவில் சிவப்புப் பொப்பி மலர் விற்று, முன்னாள் படையினருக்கு நிதி திரட்டும் வழக்கம் அதனுடன் சேர்ந்தது. அது இலங்கைக்கும் வந்து, அந்நாளே பொப்பி தினம் ஆயிற்று. எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவுத்தூண் 1923இல் கொழும்பு காலிமுகத்திடலில் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் எதிரிக் கப்பல்களின் பீரங்கிக்கு அது குறியாகிவிடும் என்ற அச்சத்தில் கழற்றப்பட்டு, இன்றைய விகாரமகாதேவி பூங்காவில் மீண்டும் நிறுத்தப்பட்டது.

மலைநாட்டு நுவரெலியாவுக்கும் படைக்கும் உள்ள உறவு தேயிலையைவிடப் பழையது. தாழ்நிலத்துக் காய்ச்சலில் நொந்த வெள்ளைச் சிப்பாய்கள் குளிர்க்காற்றில் உடல் தேற வேண்டும் என்பதற்காக 1829இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே ஓய்வில்லம் அமைத்தார். ஊர் வளர்ந்தது அதைச் சுற்றித்தான். பின்னர் கோப்பியும் தேயிலையும் வந்தன. 1876இல் ஹில் கிளப் தோன்றியபோது நுவரெலியா வெள்ளைத் தோட்டத் துரைமாரின் ஊராகவே மாறியிருந்தது.

அந்தத் துரைமாருக்கென்றே 1900இல் இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை உருவானது. தலைமையகம் கண்டியில், ஆட்கள் தோட்டங்களில். ஐரோப்பியத் தோட்டக்காரர் மட்டுமே சேரக்கூடிய தொண்டர் படை அது. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து, மலைக்கு வேலை பிரித்துக் கொடுத்த சின்னத்துரை, பயிற்சி நாளில் காக்கி உடுத்தித் துப்பாக்கி தூக்கினார். 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் கொண்ட அணி கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறியது. மறு ஆண்டு கல்லிப்போலியில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தளபதி பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்கு இவர்கள் காவல் நின்றார்கள். பலர் பிரித்தானியப் படைப்பிரிவுகளில் அதிகாரிகளானார்கள்; திரும்பி வராதவர்களும் உண்டு. மலைநாட்டில் நவம்பர் 11 இவர்களின் நாள். அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் துரை போர்முனைக்குப் போன பிறகும் கொழுந்து பறித்து, தொழிற்சாலையை ஓட்டியவர்களுக்கு அந்த நாளில் இடம் வைக்கப்படவில்லை.

இந்தப் படைக்கு இலங்கையருடைய நினைவில் வேறொரு முகமும் இருந்தது. 1915 மே, ஜூன் மாதங்களில் சிங்கள - முஸ்லிம் கலவரத்தை அடக்க இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, தோட்டக்காரர் படையும் இறக்கப்பட்டது. விசாரணையின்றிச் சுடப்பட்டவர்கள் பற்றிய கசப்பு பல ஆண்டுகள் மாறவில்லை.

பொப்பி தினத்துக்கு எதிர்ப்பு முதலில் எழுந்தது முன்னாள் படையினரிடமிருந்தே. இலங்கையில் திரளும் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போக, உள்ளூர் வீரர்களுக்குச் சொற்பமே கிடைத்தது. இதைக் கண்டித்து 1931இல் ஈலியன் பெரேரா, அதே நவம்பர் 11இல் சூரிய மலர் விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். சிங்களவர் சூரிய என்பது தமிழரின் பூவரசு. காலையில் மஞ்சளாக விரிந்து, உள்ளே கருஞ்சிவப்புப் பொட்டு காட்டி, மாலைக்குள் செம்மை ஏறி வாடும் பூ. கரையோரத்திலும் தாழ்நிலத்திலும் செழிக்கும் மரம்; 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவின் குளிர் அதற்கு ஆகாது. இயக்கத்தின் களமும் பெரும்பாலும் கொழும்பும் தாழ்நிலமுமாகவே இருந்தது.

1933இல் டொரின் யங் என்ற ஆங்கிலேய ஆசிரியை எழுதிய பத்திரிகைக் கட்டுரையைத் தொடர்ந்து இளைஞர் சங்கங்கள் இயக்கத்தைக் கையிலெடுத்தன. பின்னர் இடதுசாரி அரசியல்வாதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்த இவர் இயக்கத்தின் தலைவியுமானார். நிதிக் குறைபாடாகத் தொடங்கியது ஏகாதிபத்திய எதிர்ப்பாக மாறிற்று. விற்ற பணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தையின் கல்விக்கு உதவினார்கள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஊர் ஊராகப் போய் மருந்தும் உணவும் கொடுத்தார்கள். 1935 டிசம்பரில் இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சி உருவானபோது அதன் முன்னணியில் நின்றவர்கள் இவர்களே.

பூவரசு மலையேறாவிட்டாலும் அதை விற்றவர்கள் ஏறினார்கள். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் நடந்த சமசமாஜக் கூட்டத்தில், மடுல்கலைத் தோட்டமொன்றில் பயிற்சிக்கு வந்து விலக்கப்பட்ட பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்காரர், துரைமார் தொழிலாளரை நடத்தும் விதத்தைச் சாடினார். ஆளுநர் அவரை நாடு கடத்த ஆணையிட்டார்; உயர்நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

அடுத்த போர் வந்தது. 1940 ஜூலையில் பிரித்தானியாவில் தேயிலை ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் எனப் பங்கிடப்பட்டது. மலைநாட்டுக் கொழுந்து போர்க்காலப் பண்டமாயிற்று. அதைப் பறித்தவர்கள் கூலி உயர்வும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டார்கள். அந்த ஆண்டு ஜனவரி 10இல் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். விசாரணையில் அவர் மனைவிக்காக வாதாடியவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. ஜூன் மாதம் கட்சித் தோழர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன ஆகியோருடன் அவரும் சிறையிடப்பட்டார்.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்து, 1948 நவம்பர் 15 முதல் நடைமுறையானது. இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். 1949இல் தோட்டக்காரர் படை கலைக்கப்பட்டது; அவ்வாண்டு ஒக்டோபர் 10இல் இலங்கை இராணுவம் பிறந்தது. தேசத்தின் படை உருவான வேளையில் தேசத்தின் கணக்கிலேயே இல்லாத மக்களாக மலையகத்தார் நின்றார்கள். இந்த அநீதிக்குப் பிற்காலத்தில் எந்த நினைவு நிகழ்வும் ஈடு செய்யவில்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினையை 2003ஆம் ஆண்டுச் சட்டமே தீர்த்தது.

இன்று அரசின் முதன்மையான போர்வீரர் நினைவு மே 19. 2009இல் முடிந்த உள்நாட்டுப் போரில் இறந்த படையினருக்காகப் பத்தரமுல்லை நினைவுத்தூபியில் மலர் வைக்கப்படுகிறது. அதற்கு முந்திய நாள் முள்ளிவாய்க்காலில் தமிழர்கள் தங்கள் இறந்தோருக்கு விளக்கேற்றுகிறார்கள். நவம்பரில் விகாரமகாதேவி பூங்காத் தூணருகே முன்னாள் படையினர் பொப்பி அணிந்து இன்றும் கூடுகிறார்கள். மலையகத்தில் தொழிற்சங்கத்தாரும் இளைஞர் அமைப்பினரும் ஜனவரி 10ஐ, முல்லோயா கோவிந்தன் பெயரை முதலில் வைத்து, மலையகத் தியாகிகள் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.