பெற்றோர் திறந்த பள்ளிக் கதவு

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், பள்ளியில் இடம் பெறுதல் வேறு, பள்ளியில் கல்வி பெறுதல் வேறு என்னும் உண்மையை நம் இளைஞர்கள் முன் வைக்க விழைகின்றோம். பார்வை, செவிப்புலன், அறிவு வளர்ச்சி ஆகியவற்றில் குறையுடைய குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியிலேயே சிறப்புக் கல்வி அளித்தல் வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் சட்டமாகியுள்ளது. ஆளுவோரின் இரக்கம் மட்டும் இதனைத் தந்துவிடவில்லை. அமெரிக்க நாட்டில் ஒதுக்கி வைக்கப்பட்ட கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போரின் கிளையாகவே அங்கு இவ்வுரிமை தழைத்தது. வகுப்பறையில் கோணிப்பை விரித்துத் தனித்து அமர்ந்து பயின்ற அண்ணல் அம்பேத்கரின் வழிவந்த நமக்கு அவ்வரலாறு அயலானதன்று.

'தனித்தனியே ஆயினும் சமம்' என்னும் பெயரால் இனப்பிரிவினை செல்லும் என 1896 ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகைவண்டிப் பெட்டி பற்றி எழுந்த அத்தீர்ப்பே பள்ளிப் பிரிவினைக்கும் அரணாயிற்று. டொப்பீகா நகரில் ஆலிவர் பிரவுன் என்னும் தந்தை, தம் மகள் லிண்டாவை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க முயன்று மறுக்கப்பட்டார். அவரும் பிற பெற்றோரும் தொடுத்த வழக்கில், கல்வியில் பிரித்து வைத்தலே சமத்துவக் கேடு என 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புரைத்தது.

அவ்வழக்கில் தென் கரோலினா மாநிலத்தின் பக்கம் நின்ற ஜான் டேவிஸ் என்னும் வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வாதம் வெல்லுமாயின் அறிவாற்றலைக் காட்டியும் மாணவரைப் பிரிக்க இயலாது போகும் என எச்சரித்தார். அச்சுறுத்தலாக அவர் கூறியதே பின்னாளில் குறையுடைய குழந்தைகளின் பெற்றோருக்கு வழியாயிற்று என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பென்சில்வேனியா மாநிலச் சட்டம், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி எய்தாத பிள்ளையைச் சேர்க்க மறுக்க இடமளித்திருந்தது. 1971 இல் பெற்றோர் சங்கமொன்று வழக்குத் தொடுத்து, 1972 இல் வென்றது. அதே ஆண்டில் தலைநகர் வாஷிங்டனில் ஏழு சிறார்களின் பெயரால் மற்றொரு வழக்கு நடந்தது. எழுவரும் கறுப்பினத்தவர். பணமில்லை என்றது கல்வி நிர்வாகம். பணம் போதாதெனில் அக்குறையை அனைவரும் பகிர்ந்து சுமத்தல் வேண்டும். குறையுடைய பிள்ளையின் தலையில் மிகுதியாக ஏற்றலாகாது என்றார் நீதிபதி ஜோசப் வாடி.

இவ்வெற்றிகளின் பயனாக 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஃபோர்டு கையொப்பமிட்ட சட்டம் பிறந்தது. பத்து இலட்சம் குறையுடைய குழந்தைகள் பொதுப் பள்ளிக்கு முற்றிலும் வெளியே நிற்பதாக அச்சட்டமே ஒப்புக்கொண்டது. அதன் வழிமுறை எளியது. பெற்றோர் வேண்டுகோள் விடுக்கலாம். அவர்தம் இசைவு பெற்றே குழந்தையைச் சோதித்தறிதல் வேண்டும். பின்னர்ப் பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து, அக்குழந்தைக்கென ஒரு தனிக் கல்வித் திட்டத்தை எழுத்தில் வரைதல் வேண்டும். ஆண்டுதோறும் அதனை மறுஆய்வு செய்தல் வேண்டும். உடன்பாடு இல்லையேல் பெற்றோர் முறையீடு செய்யலாம்.

ஆயின் இதற்கு மறுபுறமும் உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் அறிவுத்திறன் சோதனை என்னும் பெயரால் கறுப்பினப் பிள்ளைகள் 'மந்தபுத்தி' வகுப்புகளில் தள்ளப்பட்டனர். மாநில மாணவருள் பத்தில் ஒருவராயிருந்த அவர்கள், அவ்வகுப்புகளில் நால்வரில் ஒருவராயிருந்தனர்! பெற்றோர் வழக்காடினர். அச்சோதனையைக் கொண்டு கறுப்பினப் பிள்ளைகளை அவ்வகுப்புகளில் இடுதல் கூடாதென 1979 இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தடுத்தார். உதவி வேண்டிய பிள்ளைக்கு உதவி மறுக்கப்படுவதும் அநீதி. ஒடுக்கப்பட்ட பிள்ளைக்குக் குறையில்லாத இடத்தில் குறை கற்பிக்கப்படுவதும் அநீதி.

இவ்விரண்டாம் அநீதியில் நமக்கும் பங்குண்டு என்பதை வெட்கத்துடன் ஒப்புகின்றோம். நாம் இளம் ஆசிரியராயிருந்த நாளில், நம் தெருப் பிள்ளை ஒருவனை 'மக்கு' எனக் கடைசி வரிசையில் இருத்தினோம். ஈராண்டு கழிந்த பின்னரே அவனுக்குக் காது கேளாமை தெரியவந்தது. அதற்குள் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். அவன் தாய் பள்ளி வாயிலுக்கு வந்து நின்றதுண்டு. எதைக் கேட்பது என அவர் அறியார். நாமும் சொல்லவில்லை.

இன்று கேட்பதற்குச் சட்டம் உண்டு. 2009 இல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்கின்றது; நூற்றுக்கு 40 அளவுக்குக் குறையாத குறையுடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை, அண்மைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ, உரிமையாக்குகின்றது. தொடக்க நிலையில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டுமென 2021 இல் நம் உச்ச நீதிமன்றம் கூறிற்று. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்கள் வாயிலாகச் சிறப்பாசிரியர், இயன்முறைப் பயிற்சி, மருத்துவ மதிப்பீட்டு முகாம் ஆகியன கிடைக்கின்றன.

ஆதலின் இளைஞர்களே, உங்கள் தெருவில் பேச்சுத் தாமதித்த குழந்தை உண்டா? கரும்பலகை தெரியாத குழந்தை உண்டா? அதன் பெற்றோருடன் தலைமையாசிரியரிடம் செல்லுங்கள். வேண்டுகோளை எழுத்தில் கொடுங்கள், படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். முகாமுக்குத் துணை செல்லுங்கள். சான்றும் அடையாள அட்டையும் பெற்றுத் தாருங்கள். எவரேனும் 'மக்கு' என்றால், எந்தச் சோதனையால் அறிந்தீர் எனப் பணிவுடன் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நீங்கள் அந்தத் தாயின் அருகில் நிற்றலே, இக்கழகம் உங்களுக்கு அளித்த கல்விக்கு நீங்கள் செலுத்தும் கடனாகும்.