துறவி படம் போட்ட பாட்டில்

ஏல் எனப்படும் பெல்ஜிய பீர் பாட்டிலில் அங்கி அணிந்த துறவியையோ மடத்துக் கோபுரத்தையோ பார்ப்பவர், உள்ளே இருப்பது ஆயிரமாண்டுச் சரக்கு என்று நம்பிவிடுகிறார். வீட்டில் முதன்முறையாக டிரிப்பெல் காய்ச்சுபவருக்கும் இதே நம்பிக்கைதான். அதனால் செய்முறை சர்க்கரை சேர்க்கச் சொல்லும் இடத்தில், ஏதோ கலப்படம் செய்வதுபோலக் கூசுகிறார். கூச வேண்டியதில்லை. வெளிர்நிறமும் வீரியமும் கொண்ட இந்த ஏலுக்கு வயது நூறை ஒட்டித்தான் இருக்கும். அதை ஆக்கியதில் மடத்து மரபைவிட ஒரு சட்டத்துக்கும் சர்க்கரைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பங்கு அதிகம்.

இடைக்கால மடங்களிலேயே பீர் காய்ச்சினார்களே என்று கேட்கலாம். காய்ச்சினார்கள்தான். ஆனால் 1790-களில் பிரெஞ்சுப் புரட்சி அரசு மடங்களை மூடிச் சொத்துகளை விற்றபோது அந்தச் சங்கிலி அறுந்தது. இன்று பெயர் பெற்ற டிராப்பிஸ்ட் துறவிகளின் ஆலைகள் அதற்குப் பின் வந்தவை: வெஸ்ட்மாலே மடத்தில் 1836, ஷிமேயில் 1862. ஓர்வாலில் ஆலை வந்ததே 1931-இல், இடிந்த மடத்தைத் திரும்பக் கட்டப் பணம் தேவைப்பட்டதால். வெஸ்ட்மாலே துறவிகள் முதலில் காய்ச்சியதும் சாப்பாட்டோடு அருந்தும் மெல்லிய பீர்தான்.

திருப்பம் 1919-இல் வந்தது. பெல்ஜிய சோசலிஸ்ட் அமைச்சர் எமில் வாண்டர்வெல்டேயின் பெயரால் அறியப்படும் சட்டம், மதுக்கடையில் சாராயம் பரிமாறுவதைத் தடுத்தது. வெளியே வாங்குவதென்றால் ஒரே தடவையில் குறைந்தது 2 லிட்டர் வாங்க வேண்டும். கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டாத விலை. (குடியைக் குறைக்க வந்த சட்டம் பீரின் வீரியத்தைக் கூட்டியது வேடிக்கைதான்.) ஜெனீவர் என்ற சாராயம் இருந்த இடம் காலியானது, வலுவான பீர் அங்கே வந்து அமர்ந்தது. ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த ஈஸ்ட்டால் மோர்ட்காட் குடும்பம் காய்ச்சிய ஏல் 1923-இல் டுவெல் என்ற பெயர் பெற்றது. வெஸ்ட்மாலே டிரிப்பெல் 1934-இல் அந்தப் பெயரில் வந்தது. சட்டத்துக்கு முன்பே, 1856-இலேயே, வெஸ்ட்மாலேயில் சற்று வலுவான பழுப்பு பீர் இருந்தது என்பது நியாயமான மறுப்பு. போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் ஏல்களின் பங்கையும் ஒதுக்க முடியாது. ஆகவே வீரியம் என்பதையே சட்டம் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. அதற்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது என்கிறேன்.

அந்த வீரியத்தைக் கூட்டுவதில் சர்க்கரையின் வேலை எளிது. முளைகட்டிய பார்லியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஈஸ்ட்டால் தின்ன முடியாத மாப்பொருள் துணுக்குகள் மிஞ்சிப் பீர் கெட்டியாகித் திகட்டும். சர்க்கரையோ முழுக்க நொதித்துவிடும்; போதை ஏறும், வாயில் கனம் ஏறாது. டிரிப்பெல் 9.5 சதவீதத்திலும் தடையின்றி இறங்குவதன் காரணம் இதுதான். ஈஸ்ட் விஷயத்திலும் துறவிகள் பழமையைப் பிடித்துத் தொங்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஷிமே மடத்துத் துறவி தந்தை தியோடோர், லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டி கிளெர்க்கின் துணையோடு, மடத்துக்கென ஒரு ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். வெஸ்ட்மாலே தன் டிரிப்பெலின் செய்முறையை 1956-இல் திருத்தியது. வாண்டர்வெல்டே சட்டம் 1983-இல் நீக்கப்பட்டது. டிரிப்பெலில் சர்க்கரை இன்றும் சேர்கிறது.