சுண்டைக்காய் அளவு

நம் வைத்தியர்கள் மருந்து கொடுக்கும்போது தராசைத் தேடுவதில்லை. லேகியம் என்றால் சுண்டைக்காய் அளவு, கொட்டைப்பாக்கு அளவு, நெல்லிக்காய் அளவு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தீபாவளி லேகியத்துக்கு இந்தக் கணக்கே தாராளம். சுண்டைக்காய் நெல்லிக்காயாகப் போனால் நாக்கு சற்று எரியும், அவ்வளவுதான். ஆனால் கஞ்சா சேர்ந்த உருண்டைக்கு இதே கணக்கைப் போட்டவர்களின் கதையைச் சரித்திரத்தில் தேடிப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660-ல் திருகோணமலை அருகே கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டுக்கொண்டார். பத்தொன்பது ஆண்டுகள் சிறைவாசம். கெட்ட தண்ணீரால் காய்ச்சல் வந்து வாட்டியபோது, கஞ்சா இலையைப் பொடித்து வெல்லத்தோடு பிசைந்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் சாப்பிட்டாராம். தலை சுற்றும்; ஆனால் நோய் விட்டது என்று நம்பினார். அவருடைய நண்பர் ராபர்ட் ஹூக், 1689-ல் லண்டன் விஞ்ஞானிகள் சபையில் இதை விளக்கியபோது என்ன அளவு சொன்னார் தெரியுமா? ஒரு புகைக்குழாய் நிறையப் பொடி! நம் சுண்டைக்காய்க்குச் சீமைத் தம்பி இது.

அதே காலத்தில், பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தபோது, தாமஸ் பௌரி என்ற மாலுமி நம் கரையோரம் சுற்றினார். அவரும் நண்பர்களும் கடைத்தெருவில் பங்கி வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, ஆளுக்கு ஒரு குவளையாகக் குடித்தார்கள். ஒருவர் ஓயாமல் அழுதார். ஒருவர் பெரிய ஜாடிக்குள் தலையை விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்தார். இன்னொருவர் மரத்தூணோடு சண்டை போட்டுக் கைவிரல்களைப் புண்ணாக்கிக்கொண்டார். பௌரி சும்மா உட்கார்ந்து வியர்த்துக் கொட்டினார். குவளை ஒன்றுதான், விளைவு ஆளுக்கு ஒன்று!

தராசைக் கையில் எடுத்தவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஓஷாநஸி. 1839-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு சம்பவம் வருகிறது. வாத நோயாளிகள் மூவருக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குத் தலைக்கு ஒரு கிரெயின், அதாவது சுமார் 65 மில்லிகிராம், கஞ்சாப் பிசின் கொடுத்தார். நான்கு மணிக்கு ஒருவன் பாட்டுப் பாடிச் சாப்பாடு கேட்டான். எட்டு மணிக்கோ பிரக்ஞையற்றுக் கிடந்தான். கையைத் தூக்கி வைத்தால் வைத்தபடியே நின்றது. இரண்டாமவனுக்கு விளைவு குறைவு. மூன்றாமவனுக்கு ஒன்றுமே இல்லை. விசாரித்ததில், அவன் கஞ்சா பிடித்துப் பழகியவன்!

இதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. புகை சில நிமிஷங்களில் வேலை செய்யும். தின்றது அப்படியல்ல, வயிற்றில் இறங்கி, கல்லீரலில் இன்னும் வீரியமான பொருளாக மாறி, பிறகுதான் மூளைக்கு ஏறும். அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாமல் போகலாம். "ஒன்றும் ஆகவில்லையே" என்று இரண்டாவது உருண்டையை எடுக்கிறான் பாருங்கள், அவன்தான் அகப்பட்டுக்கொள்கிறான். இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடக்கும், பீதி பிடிக்கும், ராத்திரி முழுவதும் இறங்காது. அதிலும் வீட்டில் கிளறியது என்றால், ஒரே பாத்திரத்தில் ஓர் உருண்டைக்குச் சாரம் கொஞ்சமாகவும் அடுத்ததற்கு மிகுதியாகவும் போய்ச் சேரலாம். கரண்டிக்கு இது தெரியுமா? தின்கிற நாக்குக்குத்தான் தெரியுமா?

பழவேற்காடு இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே போனால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. அதைத் தாண்டினால் எளாவூர் சோதனைச் சாவடி. ஆந்திராவிலிருந்து வரும் கஞ்சா அங்கே பிடிபட்ட செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். 1985-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். தமிழ்நாட்டில் சாக்லெட்டாக உருமாறியும் அது பிடிபட்டிருக்கிறது. வர்ணக் காகிதத்தில் சுற்றிய சாக்லெட்டுக்குச் சுண்டைக்காய்க் கணக்குக்கூட இல்லை.

சட்டத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குக் கவலை, ஊர் விட்டு வந்து இரவு ஷிப்டு முடித்து அறைக்குத் திரும்பும் பையனைப் பற்றியது. மேஜைமேல் கிடப்பதை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தையைப் பற்றியது. குழந்தை தின்றுவிட்டால் தெளியும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். டாக்டரிடம் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். தூணோடு சண்டை போட்டவர் விரல் புண்ணோடு தப்பினார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?